டென்ட் போட்ட இடத்தில் கற்திட்டை: யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலையில் டென்ட் போடப் போன இடத்தில் ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்திட்டை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்லறை ஒன்று கண்ணில் பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? விளையாட்டாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம், எங்களுக்கு நடந்ததைத்தான் கேட்கிறேன். எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும், தொல்லியல் துறையிலும் யாராவது படிப்பார்கள் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பத்திரிகையில் இடம் இல்லையென்றால் தாராளமாக வெட்டுங்கள், கடைசியில் வரும் வாட்ஸ்அப் எண் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கொடைக்கானல் கீழ்மலையில் என் நண்பனின் அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. பட்டா நிலம், காப்புக்காடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம் வரும். நாங்கள் நண்பர்கள் சிலரும் என் சித்தப்பா பையனும் அங்கே போய் டென்ட் போட்டுத் தங்குவது வழக்கம். இந்த முறை கீழே ஈரமாக இருந்ததால் தோட்டத்தின் மேல் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்கள் முடிந்து உண்ணிச்செடிப் புதர் ஆரம்பிக்கிற இடத்தில் சமதளமாக ஒரு துண்டு நிலம் பார்த்து டென்ட்டை விரித்தோம். முளை அடித்தால் ஒரு சாண்கூட இறங்கவில்லை, டங் டங் என்று சத்தம். தள்ளி அடித்தாலும் அதே கதை. சருகைக் கையால் ஒதுக்கிப் பார்த்தால் பலகைக்கல் ஒன்றின் விளிம்பு, படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தானாக விழுந்த பாறை அப்படி நிற்காது என்பது எங்களுக்கே தெரிந்தது.

கொஞ்சம் மேலே புதருக்குள் முழுசாகவே ஒன்று நின்றது. மூன்று பக்கமும் பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரே கல், நீளம் ஆறடியாவது இருக்கும். ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை, ஒரு ஆளின் தலை நுழையும் அளவு. இதைத் தொல்லியல்காரர்கள் இடுதுளை என்கிறார்கள். துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். பாதிவரை மண், அதன்மேல் சருகு, முள்ளம்பன்றி முள் இரண்டு. துளையின் உள் விளிம்பைத் தடவினால் வழவழப்பாக இருந்தது, வெளிப்புறம் சொரசொரப்பு. எவ்வளவு நேரம் உட்கார்ந்து தேய்த்திருப்பார்கள்! மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போன சின்ன ஓடையில் பானை ஓடுகள் கிடந்தன, உள்ளே நல்ல கருப்பு, வெளியே சிவப்பு. கருப்பு சிவப்புப் பானை என்று புத்தகத்தில் படித்தது அதேதான். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்பக்கத்துக்குக் காற்று போகாததால் அது கருத்துவிடுகிறது, வெளிப்பக்கம் சிவக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

தோட்டத்துக் காவல்கார அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதா? இது குள்ளர் வீடு தம்பி. எங்க தாத்தா காலத்துலயே இருக்கு. மேல இன்னும் நாலஞ்சு இருந்துச்சு, பலகையைப் பேத்துட்டுப் போயி மாட்டுக் கொட்டத்துக்குப் போட்டுட்டாங்க" என்றார். அதாவது எங்களைவிட அவருக்கு எல்லாமே தெரியும். இத்தனை காலத்தில் அவரிடம் யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டு மலைகளில் பாதி இடத்தில் இதே நிலைதான் என்பது என் எண்ணம். ஆடு மேய்க்கிறவருக்கும் விறகு பொறுக்குகிறவருக்கும் தெரிந்த இடங்கள் அரசாங்கக் காகிதத்துக்கு வந்து சேருவதே இல்லை.

பழனி மலையில் கற்திட்டைகள் இருப்பது புதிய செய்தி ஒன்றும் இல்லை. செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்ளேட், நியூட்டன் இருவரும் மலை மலையாக ஏறி இறங்கிப் பார்த்து, அளந்து, படம் வரைந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இலேயே வெளியிட்டிருக்கிறது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழு அகழாய்வே செய்திருக்கிறது. மலையை விட்டு இறங்கினால் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். அங்கே 2009, 2010-இல் அதே பேராசிரியர் தோண்டிய கல்லறை ஒன்றில் நாலு கால் ஜாடிக்குள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ நெல் இருந்தது, காலக்கணிப்பில் கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் கிடைத்த பானைத் தாங்கியில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் 'வயிர' என்று கீறியிருந்தது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில்தான் நாங்கள் டென்ட்டை விரித்துக்கொண்டு மேகி கிண்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். என் சித்தப்பா பையன் ஓடை மண்ணிலிருந்து ஒரு சிவப்பு மணியைப் பார்த்துவிட்டான். சூதுபவளம் என்கிற சிவப்புக் கல், குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் துளை. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரே பிடிவாதம். ஒரு மணிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? இந்த இடத்தில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். அந்த மணி நம் வீட்டு ஷோகேசுக்கு வந்தால் வெறும் மணி, கடையில் விற்கிற மணிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அது எந்தக் கல்லறைக்குப் பக்கத்தில், எந்தப் பானையோடு, எவ்வளவு ஆழத்து மண்ணில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் சூதுபவளம் கிடைக்காத இந்த மலைக்கு அது எங்கிருந்து, யார் கைமாறி வந்தது என்று ஒரு ஆய்வாளரால் சொல்ல முடியும். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்தோம், அளவு தெரிவதற்காக. பின்னால் தள்ளி நின்று அந்த ஓடை, மரம், கற்திட்டை மூன்றும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். ஜிபிஎஸ் குறித்துக்கொண்டோம். மணியைக் கிடந்த இடத்திலேயே விட்டோம். பையனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது, பரவாயில்லை.

மறுநாள் தோட்டக்காரரிடம், அதாவது நண்பனின் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தோம். மனிதர் பயந்துவிட்டார். "வெளிய சொன்னா நிலத்த எடுத்துக்குவாங்கப்பா" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. கிராமங்களில் நிலத்தைத் தோண்டும்போது முதுமக்கள் தாழி வந்தால் இரவோடு இரவாக உடைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவதற்கு இதுதான் காரணம். அவர்களைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. ஒரு இடத்தைப் பற்றித் தகவல் கொடுத்த உடனே அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அறிவிக்கை போட வேண்டும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். கட்டடம் கட்டக்கூடாது என்கிற அந்த நூறு மீட்டர் தடையும் அப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். கீழடியில் விவசாயிகள் தங்கள் தென்னந்தோப்பில் தோண்டச் சம்மதித்தார்கள், ஆரம்பக் கட்டங்களில் அகழாய்வு செய்தவர்கள் குழிகளை மூடி நிலத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். இதையெல்லாம் அந்தப் பெரியவருக்கு எடுத்துச் சொல்ல நாங்கள் தேவைப்பட்டோம். சொல்ல வேண்டியவர்கள் யாரும் கீழ்மலைப் பக்கம் வந்து சொன்னதில்லை.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கம் ஏதாவது இருந்துச்சா?" இல்லை என்றதும் ஆர்வம் வடிந்துவிட்டது. தாலுகா ஆபீஸுக்குப் போங்கள் என்றார். அங்கே இது எங்கள் வேலை இல்லை, தொல்லியல் ஆட்களிடம் போங்கள் என்றார்கள். எந்தத் தொல்லியல், மத்திய அரசா, மாநில அரசா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இணையத்தில் கிடைத்த எண்ணை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக ஒருவர் எடுத்து, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினோம். வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. யார் பெயரையும், எந்த ஆபீஸ் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவர்களுக்கும் இப்படி ஒரு தகவல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி உத்தரவு இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் காரியம் நடந்தது ஒரு கல்லூரி வரலாற்றுப் பேராசிரியரால். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று பிடித்தோம். விடுமுறை நாளில் தன் காசில் பஸ் ஏறி வந்து, அட்டைக்கடி பட்டுக்கொண்டே அளவெடுத்து, படம் வரைந்து, அறிக்கை எழுதி அனுப்பினார். அவரைத் தெரிந்திராவிட்டால் எங்கள் படங்கள் எல்லாம் போன் கேலரியிலேயே கிடந்திருக்கும்.

சட்டம் என்று பார்த்தால் 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் என்ன, எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. வெள்ளைக்காரன் போட்ட பத்து ரூபாய்க் கணக்கு சட்டத்தில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. ஆனால் கவனியுங்கள், இது முழுக்க மண்ணுக்குள் மறைந்திருக்கும் பொருளைப் பற்றியது. மலைமேல் நிற்கிற நாலு பலகைக்கல்லைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது.

பட்டா நிலம் என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதற்குக் கெடுபிடி அதிகம். இருக்கவும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கெடுபிடியை மீறி இன்னமும் நிறைய பேர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், வார இறுதியில் எந்த மலையடிவாரத்திலும் நிற்கிற பைக்குகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களில் ஒருவர் பாறை ஓவியமோ நடுகல்லோ பார்த்தால் வாயைத் திறப்பாரா? திறந்தால், "அங்கே எப்படிப் போனாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும், அடுத்தது அபராதம். அதனால் துறைக்குச் சொல்ல மாட்டார், இன்ஸ்டாகிராமில் மட்டும் இடத்தின் பெயரோடு போடுவார். நடப்பது இதுதான். ஒரு ரீல் ஓடினால் அடுத்த வாரம் அந்த மூடுகல்மேல் ஏறி நின்று பத்து பேர் படம் எடுக்கிறார்கள், அதற்கடுத்த வாரம் புதையல் தேடுகிற கும்பல் கடப்பாரையோடு வருகிறது. காட்டுக்குள் போன குற்றத்துக்கு வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், தகவல் கொண்டுவந்தவரை வரும்போதே குற்றவாளியாக நிறுத்தாதீர்கள் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

டென்ட் ஆட்களுக்கும் இரண்டு வார்த்தை. பாறை ஒதுங்கலுக்கு அடியில் கேம்ப்ஃபயர் போடாதீர்கள். மேலே வெள்ளைக் கோட்டிலோ காவி நிறத்திலோ மனிதனும் மாடும் வரைந்திருக்கும், உங்கள் புகை அதன்மேல் படிந்தால் எடுக்க முடியாது. ஓவியம் மங்கலாக இருக்கிறதே, பளிச்சென்று தெரியட்டும் என்று பாட்டில் தண்ணீரைத் தெளிக்கிறார்கள், கல்வெட்டுக்குச் சாக்பீஸ் தேய்க்கிறார்கள். அந்த நிமிடம் படம் நன்றாக வரும், ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும்.

சாதாரண ஆட்கள் சொன்னதால் கிடைத்தவை நம்மிடம் எத்தனை! மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டினார், கல் கோடரி கிடைத்தது. வேறொருவராக இருந்தால் வேலியோரம் வீசியிருப்பார். இவர் தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். அதிலிருந்த குறிகளைச் சிந்துவெளி எழுத்து என்று 2006-இல் பழைய எழுத்துகளை ஆராய்ந்த அறிஞர் ஐராவதம் மகாதேவன் சொல்ல, உலகமே திரும்பிப் பார்த்தது (அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு, அது வேறு பஞ்சாயத்து). தூத்துக்குடி மாவட்டம் சிவகளையும் அப்படித்தான். அந்த ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தாழிகள் இருக்கின்றன என்று விடாமல் சொல்லிவந்தார், 2020-இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்ததை உங்கள் பத்திரிகையே முதல் பக்கத்தில் போட்டிருக்கும். இரண்டிலும் பாருங்கள், ஒருவருக்கு நண்பர் இருந்தார், இன்னொருவருக்கு விடாப்பிடி இருந்தது. இரண்டும் இல்லாதவர்கள் பார்த்தது என்ன ஆனது?

வெளிநாட்டிலும் இப்படி நடப்பதுண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஆய்வாளர் ஒருவரோடு போன பழங்குடிப் பெரியவர் சிறுநீர் கழிக்க ஓடைப் பக்கம் ஒதுங்கினார். அங்கே பாறை ஓவியம் தென்பட, சுற்றிப் பார்த்தால் கூரை முழுக்கக் கரி படிந்த ஒரு பாறை ஒதுங்கல். கரி என்றால் மனிதன் மூட்டிய தீ. 2016-இல் ஆய்வு வெளியானபோது அங்கே மனிதர்கள் 49,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரிந்தது. ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் நடைபயணம் போன தம்பதி பனியில் ஒரு உடலைப் பார்த்தார்கள், உடனே மலை விடுதிக்காரரிடம் சொன்னார்கள், அதுவரை சரி. மீட்க வந்தவர்களோ, விபத்தில் செத்த மலையேறி என்று நினைத்து இயந்திரத் துளைப்பான் வைத்துப் பனியை உடைத்ததில் உடலின் இடுப்பே சேதமானது. 5,300 ஆண்டு பழைய உடல் அது! அந்தத் தம்பதிக்குச் சேர வேண்டிய வெகுமதிக்கு வழக்கு நடந்து, பணம் தீர்மானமாவதற்குள் கணவர் இறந்தேபோனார். தகவல் கொடுத்தவரை இழுத்தடிப்பதில் நாம் மட்டும் தனி இல்லை என்று ஒரு ஆறுதல்.

ஆனால் பிரிட்டனில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவுசெய்யவே பகுதிக்கு ஒரு அலுவலர். நீங்கள் போய்க் காட்டினால் அது என்ன என்று சொல்லி, பதிவேட்டில் ஏற்றி, பெரும்பாலும் பொருளை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிப் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அங்கே மெட்டல் டிடெக்டரோடு வயலில் திரிகிறவர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது, அந்தப் பழக்கம் இங்கே வர வேண்டாம். பகுதிக்கு ஓர் ஆள், கையில் ஒரு பதிவேடு, அது போதும்.

நமக்கு உடனே தேவைப்படுவது ஒரு வாட்ஸ்அப் எண். மாநிலம் முழுக்க ஒரே எண். படமும் இடமும் அனுப்பினால் ஒரு பதிவு எண் திரும்பி வர வேண்டும், காஸ் புக் செய்தால்கூட வருகிறதே! அந்த எண்ணை மலையடிவாரப் பஸ் நிலையங்களிலும் வனத்துறைச் சோதனைச் சாவடிகளிலும் எழுதி வைக்கலாம். 2024-இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. இது தங்கமான வாய்ப்பு. கற்திட்டை, கல்வட்டம், நடுகல், பாறை ஓவியம் இவை எப்படி இருக்கும் என்று அந்த வழிகாட்டிகளுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தால் போதும், பாதி இடங்களை அவர்களே ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். வந்த தகவல்களைக் கனிமவளத் துறைக்கும் கொடுத்தாக வேண்டும். குவாரிக்கு ஏலம் விடுமுன் அந்த மலையில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. உடைத்துத் தள்ளிய பிறகு ஊர்க்காரர்கள் மனு கொடுத்து எதற்கு?

நாங்கள் பார்த்த இடத்தின் ஊர்ப்பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பேராசிரியரின் அறிக்கை போயிருக்கிறது, ஆனால் நேரில் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை. தொல்லியல் துறையிலிருந்து யாராவது கேட்டால் மட்டும் கடிதத்தோடு இணைத்துள்ள என் போன் எண்ணைக் கொடுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். தோட்டக்காரரும் இப்போது சம்மதித்துவிட்டார், ஆட்கள் வருவதாக இருந்தால் காப்பி பழம் எடுக்கிற சீசனில் மட்டும் வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.